கால்கட்டு: சீனப் பெண்களின் பாதங்கள் சொல்லும் வரலாறு



ஒரு சோடிச் சப்பாத்தைப் பற்றிச் சொல்லி இன்றைய உரையைத் தொடங்குகிறேன். தென்சீனத்தின் ஃபூசோ நகரில் 1975ஆம் ஆண்டு ஒரு பழைய கல்லறையை அகழ்ந்தெடுத்தார்கள். அதனுள் அடக்கம் செய்யப்பட்டிருந்தவள் ஹுவாங் ஷெங் என்னும் பெண். 1243ஆம் ஆண்டிலே, பதினேழு வயதிலே இறந்துபோனவள். உயர்குடியிற் பிறந்து அரச வம்சத்தவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளோடு ஏராளமான பட்டாடைகளையும் வைத்துப் புதைத்திருந்தார்கள். அவற்றோடு அவளது சப்பாத்துகளும் கிடைத்தன. அவற்றின் நீளம் சுமார் 14 சென்ரிமீற்றர். நமது வீடுகளில் இரண்டு மூன்று வயதுக் குழந்தை போடுகிற சப்பாத்தின் அளவு அது. ஆனால் அணிந்திருந்தவளோ கலியாணம் முடித்த ஒரு பெண்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் அந்தச் சப்பாத்துக்குள்ளே இருந்த பாதம். சீனத்துப் பெண்களின் பாதங்களை ஏறக்குறைய ஓராயிரம் ஆண்டுகள் கட்டி வைத்திருந்த ஒரு வழக்கத்தின் கதை இது. நமது பேச்சு வழக்கிலே கலியாணத்தைக் 'கால்கட்டு' என்று சொல்வோம். ஊர் சுற்றித் திரிகிற இளைஞனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். நமக்கு அது வெறும் உவமை. சீனத்திலே அது உவமையாக இருக்கவில்லை. அங்கே கட்டு உண்மையான துணியால் ஆனது. கட்டப்பட்டது ஆணின் காலல்ல, ஐந்து ஆறு வயதுச் சிறுமியின் கால். கட்டியதும் கலியாணத்துக்காகத்தான்.

முதலில் அந்த வழக்கம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லவேண்டும். கேட்பதற்குச் சங்கடமாயிருக்கும். ஆனால் சங்கடப்பட்டுச் சொல்லாமல் விட்டால் பின்னாற் சொல்லப்போவது எதுவும் விளங்காது. பெரும்பாலும் நாலு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில், குளிர்காலத்தில், ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடங்குவார்கள். குளிரில் கால் விறைத்திருக்கும், வலி சற்றுக் குறைவாயிருக்கும் என்பது கணக்கு. பாதத்தை வெந்நீரிலே ஊறவைத்து, நகங்களை ஒட்ட வெட்டிப் படிகாரம் தூவுவார்கள். பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலின் கீழே மடித்து, சுமார் பத்தடி நீளமான துணியால் இறுக்கிச் சுற்றி, அவிழாதபடி தைத்துவிடுவார்கள். பிறகு அந்தக் காலோடு பிள்ளையை நடக்கவிடுவார்கள். சில நாட்களுக்கொருமுறை அவிழ்த்துக் கழுவி, முன்னிலும் இறுக்கமாகக் கட்டுவார்கள். இப்படியே இரண்டு வருடங்கள் போனால் விரல்கள் மடிந்து ஒடிந்துபோகும், பாதத்தின் வளைவு முறிந்து குதிக்கால் முன்பக்கமாக நெருங்கிவரும். புண் அழுகி இறந்த பிள்ளைகளும் உண்டு. ஒரு சோடிச் சிறு பாதத்துக்கு ஒரு சாடி கண்ணீர் என்பது சீனத்துப் பழமொழி. கடைசியில் கிடைக்கும் பாதம் மூன்று சீன அங்குலம், அதாவது ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றர், இருந்தால் அதற்குப் 'பொற்றாமரை' என்று பெயர். நான்கு அங்குலமானால் 'வெள்ளித் தாமரை'. அதற்கு மேற்பட்டால் 'இரும்பு'.

நேயர்களே, இதைச் செய்தவர் யார்? அரச சேவகனா, கணவனா, மாமியாரா? பெரும்பாலான வீடுகளிலே இதைத் தன் கையாற் செய்தவள் பெற்ற தாய். தன் மகளிடம் அன்பில்லாத தாயல்லள். தானும் அதே வலியை அனுபவித்து, அந்த வலி எப்படிப்பட்டது என்பதைத் தன் உடம்பாலே அறிந்திருந்தவள். இந்த இடத்திலேதான் இந்த வரலாறு வெறும் கொடுமைக் கதை என்ற நிலையிலிருந்து மாறி நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இதன் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. பத்தாம் நூற்றாண்டிலே தென்தாங் நாட்டை ஆண்ட லி யூ என்னும் மன்னன் கவிஞனுமாவான். அவனது அவையில் யாவோநியாங் என்ற நடனமாது இருந்தாள். பொன்னாற் செய்த தாமரை ஒன்றின்மேல், பாதங்களைப் பட்டினால் சுற்றிப் பிறைபோல வளைத்துக்கொண்டு அவள் ஆடினாள் என்றும், அதைக் கண்ட அந்தப்புரப் பெண்கள் அவளைப் பின்பற்றினார்கள் என்றும் சொல்வார்கள். இது கதையாகவே இருக்கட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன எழுத்தாளர் ஒருவர், இவ்வழக்கம் அண்மைக் காலத்தில் வந்தது என்றே குறித்து வைத்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சே ருவோஷுய் என்னும் அறிஞர், நாலைந்து வயதுப் பிள்ளை என்ன குற்றம் செய்தது, இவ்வளவு நோவைக் கொடுத்துக் காலைச் சிறிதாக்குவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறார். ஆக, எதிர்ப்புக் குரலும் வழக்கத்தின் ஆரம்ப காலத்திலேயே எழுந்துவிட்டது. கேள்வி சரியானது. ஆனால் அது நிலைத்த பதிலைப் பெற அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அரண்மனையில் தோன்றிய நாகரிகம் சீமான்களின் வீடுகளுக்கு வந்தது. சீமான்களிடமிருந்து வணிகரிடமும், அங்கிருந்து கிராமத்துக் கமக்காரனின் குடிசைக்கும் இறங்கியது. பதினேழாம் நூற்றாண்டிலே மஞ்சூரியர் சீனத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களுடைய பெண்கள் பாதம் கட்டுவதில்லை. 1664இல் காங்சி பேரரசரின் ஆட்சியிலே பாதம் கட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. நாலே வருடத்தில், 1668இல், அந்தத் தடையைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. இதே ஆட்சியாளர் சீன ஆண்கள் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்னல் விடவேண்டுமென்று வாள்முனையிற் கட்டளையிட்டு அதை நிறைவேற்றியும் காட்டியவர்கள். ஆண்களின் தலையை மாற்ற முடிந்த அரசுக்குப் பெண்களின் காலை மாற்ற முடியவில்லை. ஆண்கள் அடிபணிந்தார்கள், பெண்கள் அடிபணியவில்லை என்று ஒரு சொல்வழக்கே சீனத்தில் உண்டாயிற்று. தோற்றுப்போன ஓர் இனத்தின் மானம் பெண்ணின் முறிந்த பாதத்திலே போய்க் குடியேறிக்கொண்டது. அடிமைப்பட்ட சமூகங்கள் தமது கௌரவத்தைப் பெண்ணின் உடம்பிலே கொண்டுபோய் வைப்பது சீனத்துக்கு மட்டுமே உரிய இயல்பு என்று நான் நினைக்கவில்லை.

தாய்மார் ஏன் இதைச் செய்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனத்தின் சியாமென் துறைமுக நகருக்கு வந்த ஜோன் மக்கோவன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் அலறல் கேட்கிறது. அவருடைய மனைவி பதறி ஓடிப்போகிறார். அங்கே ஒரு தாய் மகளின் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வந்தவர் தடுக்க முயன்றபோது அந்தத் தாய் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: கட்டாவிட்டால் நாளைக்கு ஊர் இவளைப் பார்த்துச் சிரிக்கும், அடிமைப் பெண்ணாய் நடத்தும், நல்ல இடத்திலே கலியாணம் ஆகாது. தாயின் கணக்கிலே பிழையில்லை என்பதுதான் இதிலுள்ள துயரம். பெரிய பாதமுடையவளை எந்த நல்ல குடும்பமும் மருமகளாக ஏற்காது என்ற நிலையிருக்கும்போது, தன் மகளின் காலை மட்டும் கட்டாமல் விடுகிற தாய் மகளைக் காப்பாற்றுகிறவள் ஆகமாட்டாள், அவளைத் தனியாக்கிவிடுகிறவளாகவே ஆவாள். ஊரே ஒன்றாக மாறினாலன்றி ஒரு வீடு மட்டும் மாற முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. லோரல் பொசென், ஹில் கேட்ஸ் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் சீனத்துக் கிராமங்களில் ஏறக்குறைய 1,800 முதிய பெண்களிடம் விசாரித்துத் திரட்டிய ஆய்வை 2017இல் நூலாக வெளியிட்டார்கள். நூல் நூற்றல், நெசவு போன்ற கைத்தொழில்களிலே சிறுமிகளின் உழைப்புத் தேவைப்பட்ட இடங்களில் கால் கட்டுவதும் அதிகமாயிருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஓடியாடித் திரியும் ஆறு வயதுப் பிள்ளையை ராட்டினத்தின் முன்னே நாள் முழுவதும் இருத்திவைக்கக் கட்டிய கால் உதவியது. ஆலை நூல் மலிவாக வந்து கைராட்டினம் ஓய்ந்தபோது, காற்கட்டும் தளர்ந்தது. சிறு பாதம் அழகு என்று ஊர் சொல்லிற்று. அந்த அழகின் அடியிலே ஒரு பிள்ளையின் உழைப்பு மறைந்திருந்தது. வயலிலே இறங்கி வேலைசெய்ய வேண்டியிருந்த ஹக்கா இனத்துப் பெண்கள் பாதம் கட்டவில்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இலக்கியம் இதை எப்படிப் பார்த்தது? சிறு பாதங்களைப் பாடிய கவிஞர் பலர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லி ருசென் என்பவர் எழுதிய 'கண்ணாடியிற் பூக்கள்' என்னும் நாவல் வேறொரு வழியிற் சென்றது. அதிலே வணிகன் ஒருவன் கடல் கடந்து 'பெண்கள் நாடு' ஒன்றுக்குப் போகிறான். அங்கே ஆட்சி செய்வோர் பெண்கள், அலங்காரம் செய்துகொண்டு வீட்டிலிருப்போர் ஆண்கள். நாட்டை ஆளும் பெண்ணரசர் இந்த வணிகனின் மேல் ஆசைகொண்டு அவனை அந்தப்புரத்துக்கு எடுத்துக்கொள்கிறார். அவனுக்குக் காது குத்துகிறார்கள், முகத்துக்குப் பூச்சுப் பூசுகிறார்கள், கடைசியிலே பாதத்தைக் கட்டுகிறார்கள். அவன் கதறுகிறான், கட்டை அவிழ்க்கிறான், அடிபடுகிறான், மீண்டும் கட்டப்படுகிறான். படிக்கிற ஆண் வாசகன் முதலிற் சிரிப்பான். சிறிது நேரத்திலே அவனது சிரிப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெண்ணுக்கு நடந்தால் வழமை, ஆணுக்கு நடந்தால் கொடுமை என்ற பார்வையை இதைவிடக் கூர்மையாக ஒரு பழைய நாவல் குத்திக்காட்டியதை நான் அறியேன்.

மாற்றம் வந்த விதத்தை இனிப் பார்ப்போம். முன்னே சொன்ன மக்கோவன் பாதிரியார் 1870களின் நடுப்பகுதியில் சியாமெனில் பெண்களைக் கூட்டிக் கால் கட்டுவதற்கு எதிரான ஒரு சங்கத்தை அமைத்தார். 1883இல் காங் யூவெய் என்னும் சீனச் சீர்திருத்தவாதி தன் சொந்த மாவட்டத்திலே அத்தகைய முயற்சியில் இறங்கினார். தன் புதல்வியரின் பாதங்களைக் கட்டவும் அவர் மறுத்தார். 1895இல் ஷங்ஹாய் நகரில் அலிசியா லிட்டில் என்னும் ஆங்கிலப் பெண்மணி 'இயற்கைப் பாதச் சங்கம்' கண்டார். இச்சங்கங்கள் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. அங்கத்தவர் இரண்டு வாக்குறுதிகளைக் கொடுக்கவேண்டும். ஒன்று, என் மகளின் பாதத்தைக் கட்டமாட்டேன் என்பது. மற்றது, பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கமாட்டேன் என்பது. முதலாவது வாக்குறுதிக்கு உயிர் கொடுத்தது இரண்டாவதுதான். கலியாணச் சந்தை மாறும் என்ற நம்பிக்கை வந்தவுடனே தாயின் கணக்கும் மாறிவிட்டது. அமெரிக்க அறிஞர் ஜெரி மக்கி 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் இதை நன்கு விளக்கியிருக்கிறார். வட சீனத்தின் டிங் மாவட்டத்தில் 1929இல் 515 குடும்பங்களில் எடுத்த கணக்கின்படி, நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 99 பேர் பாதம் கட்டியவர்கள். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரில் ஒருவர்கூட இல்லை. ஓராயிரம் வருடத்து வழக்கம் ஒரே தலைமுறையில் அங்கே அற்றுப்போயிற்று.

இது வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயும் ஒரு முள் இருந்தது. 1898இல் காங் யூவெய் பேரரசருக்குச் சமர்ப்பித்த விண்ணப்பத்தில், பெண்ணின் வலியைவிட வேறு விடயங்கள் அழுத்தம் பெற்றன. பிறநாட்டார் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பலவீனமான தாய்மார் பலவீனமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள், அப்படியானால் நாட்டுக்குப் படைவீரர் எப்படிக் கிடைப்பர் என்பது வாதம். நேற்று ஊரார் சிரிப்பார்கள் என்று கட்டிய கால், இன்று உலகத்தார் சிரிப்பார்கள் என்பதற்காக அவிழ்க்கப்படவேண்டியதாயிற்று. காலுக்குச் சொந்தக்காரியின் விருப்பத்தை நேற்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

1902இல் பேரரசி சிசி பாதம் கட்டுவதை நிறுத்துமாறு ஆணை பிறப்பித்தார். 1912இல் புதிய குடியரசு அதைத் தடைசெய்தது. பிறகு பல மாகாணங்களிலே பரிசோதகர் வீடு வீடாகப் போனார்கள். கட்டிய கால்களுக்குத் தண்டப்பணம் அறவிட்டார்கள். அவிழ்த்த துணிகளைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். ஒன்றை நினைத்துப் பாருங்கள். முறிந்து வளர்ந்த எலும்பு கட்டை அவிழ்த்தவுடன் நிமிர்ந்துவிடாது. அந்தத் துணிதான் இப்போது அவளுக்கு ஊன்றுகோல். அதை அவிழ்த்தால் மீண்டும் வலி, மீண்டும் வீக்கம், நடக்கவே முடியாத நிலை. முப்பது வயதிலே ஒரு பெண், தான் செய்யாத காரியத்துக்காக, தன்னைக் கேளாமலே செய்யப்பட்ட காரியத்துக்காக, தெருவிலே அந்நியர் முன்னிலையிற் காலைக் காட்டித் தண்டம் கட்டவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நேயர்களுக்கு மூன்று பெண்களை அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

முதலாமவர் சியூ சின். குமாரி ஜயவர்தன அவர்கள் மூன்றாம் உலக நாடுகளின் பெண்ணியம் குறித்து 1986இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஷாவோசிங் நகரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கவிஞர். பெற்றோர் பார்த்து முடித்துவைத்த கலியாணம், இரண்டு பிள்ளைகள். மனம் ஒப்பாத வாழ்வை விட்டு, நகைகளை விற்று, 1904இல் யப்பானுக்குப் படிக்கப் போனார். தன் பாதக்கட்டைத் தானே அவிழ்த்தெறிந்தார். ஆணுடை தரித்தார், வாட்பயிற்சி செய்தார், நாடு திரும்பிப் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். மஞ்சூரிய ஆட்சிக்கெதிரான கிளர்ச்சியிற் பங்குகொண்டதற்காக 1907ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஷாவோசிங்கில் அவரது தலையைத் துண்டித்தார்கள். கட்டைத் தானே அவிழ்த்தவர் என்பதால் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. வைத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாமவரை வரலாறு அப்படி நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் ஜூ ஆன். அவரும் ஷாவோசிங் நகரத்தவரே. நமது எழுத்தாளர் கே. கணேஷ் அவர்களின் மொழிபெயர்ப்பு வழியாகச் சீனப் பேரெழுத்தாளர் லூசுன்னின் கதைகளை நம்மிற் பலர் படித்திருக்கிறோம். அந்த லூசுன்னின் மனைவிதான் ஜூ ஆன். கலியாணத்தை ஒழுங்கு செய்தவர் லூசுன்னின் தாயார். யப்பானிலே படித்துக்கொண்டிருந்த மகன், பெண் பாதக்கட்டை அவிழ்க்கவேண்டும், பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று சொல்லியனுப்பினார். இரண்டும் நடக்கவில்லை. இருபது வயதைக் கடந்துவிட்ட ஒரு பெண், வளர்ந்துவிட்ட முறிந்த காலை எப்படி அவிழ்ப்பாள்? 1906ஆம் ஆண்டு, அதாவது சியூ சின் அதே ஊரிலே கொல்லப்படுவதற்கு ஒரு வருடம் முன்னர், கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சிறு பாதம் பிடிக்காதென்பதை அறிந்து, மணப்பெண் பெரியதொரு சப்பாத்துக்குள்ளே பஞ்சடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாராம். பல்லக்கிலிருந்து இறங்கும்போது அந்தச் சப்பாத்துக் கழன்று விழுந்ததாம். உறவினர் சொல்லிவந்த கதை இது. உள்ளே இருந்த சின்னஞ்சிறு கால் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஒரு நிமிடம் அந்தச் சப்பாத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதில் அவருடைய கால் பெரிதாயிருக்கக் கூடாது என்றார்கள், முறித்தார்கள். இருபத்தெட்டு வயதில் அதே கால் சிறிதாயிருக்கக் கூடாது என்றார்கள், பஞ்சடைத்தார்கள். இரண்டு முறையும் அது ஒரு மாப்பிள்ளைக்காகத்தான். லூசுன் சில நாட்களிலேயே யப்பானுக்குத் திரும்பிவிட்டார். ஜூ ஆன் தன் தாய் தனக்குத் தந்த பரிசு என்று நண்பரொருவரிடம் அவர் சொன்னதாகக் கூறுவர். ஒரே வீட்டில் இருந்த காலத்திலும் வேறு வேறு அறைகள். 1927இலிருந்து ஷங்ஹாயில், தன் மாணவியாயிருந்த சூ குவாங்பிங்குடன் அவர் வாழ்ந்தார். ஜூ ஆன் பெய்ஜிங்கில் மாமியாருடனேயே தங்கி, 1943இல் மாமியார் இறக்கும்வரை அவரைப் பராமரித்தார். 1936இல் லூசுன் காலமானார். வறுமை முற்றிய காலத்திலே, 1944இல், அவருடைய நூல்களை விற்க ஜூ ஆன் எண்ணியபோது, அவை பாதுகாக்கப்படவேண்டிய நினைவுப் பொருட்கள் என்று சொல்லித் தடுக்க வந்தார்கள். லூசுன் விட்டுச்சென்ற பொருள்களைப் பாதுகாக்க வேண்டுமென்றால் நானும் அவர் விட்டுச்சென்ற பொருள்தானே, என்னையும் பாதுகாருங்கள் என்ற கருத்துப்பட அவர் பதில் சொன்னாராம். 1947இல் அவர் இறந்தார்.

லூசுன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவரும் கேளாமலே கட்டப்பட்டவர்தான். சியூ சின்னின் மரணத்தை மறக்காமல் 'மருந்து' என்னும் கதையிலே அதன் நிழலைப் பதித்தவரும் அவரே. ஆனால் பழைய சமூகத்தின் கொடுமைகளைத் தன் பேனாவால் கிழித்துக் காட்டிய அந்த மேதையின் வீட்டின் பின்னறையிலே, அந்தக் கொடுமையின் சாட்சியொன்று வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தது என்பதையும் இலக்கிய வாசகர் மறந்துவிடலாகாது. லூசுன்னுக்கு ஷங்ஹாய்க்குப் போக வழியிருந்தது. ஜூ ஆனுக்குப் போக வழியுமில்லை, நடக்கக் காலுமில்லை.

மூன்றாமவர் சாங் யூயி. 1900இல் பிறந்தவர். மூன்று வயதிலே அவருக்குப் பாதம் கட்டத் தொடங்கினார்கள். மூன்று நாள் பிள்ளை அலறியது. நான்காம் நாட் காலையிலே அவருடைய இரண்டாவது தமையன் பொறுக்கமாட்டாமல், கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று தாயிடம் கேட்டார். பெரிய காலோடிருந்தால் இவளை யார் கட்டுவார்கள் என்றார் தாய். ஒருவரும் கட்டாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் தமையன். கட்டு அவிழ்ந்தது. அந்த வீட்டிலே பாதம் கட்டப்படாது வளர்ந்த முதற் பெண் அவர்தான்.

அப்படியானால் அவர் தப்பிவிட்டார் என்றுதானே நினைப்போம்? பதினைந்து வயதில் அவருக்கும் கவிஞர் சூ சிமோவுக்கும் கலியாணம் நடந்தது. புதுக்கவிதையைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் சூ சிமோ. பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்தபோதே பட்டிக்காடு என்று அவர் சொன்னாராம். பிறகு அவர் மேல்நாடு சென்றார், மனைவியும் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார். கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்தில் இருவரும் குடியிருந்தார்கள். ஒரு நாள் கணவர் சீன மாணவி ஒருவரை இராச்சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். வந்தவள் நவநாகரிக மேல்நாட்டு உடை அணிந்திருந்தாள், ஆனால் அவள் கால்கள் கட்டப்பட்ட சிறு கால்கள். அவள் போனபின், எப்படியிருக்கிறாள் என்று கணவர் கேட்டார். அந்தச் சிறு பாதங்களும் மேல்நாட்டு உடையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றார் யூயி. அதனாலேதான் எனக்கு விவாகரத்து வேண்டும் என்று கணவர் சத்தமிட்டார். அப்போதுதான் யூயிக்கு விளங்கியது: தன் கால் கட்டப்படாத கால், ஆனால் கணவரின் கண்ணுக்கு அது கட்டிய கால். பழைய உலகத்துப் பெண் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால் காலின் உண்மையான அளவு யாருக்கு வேண்டும்?

1922இல் பேர்லின் நகரில், இரண்டாவது மகன் பிறந்து சில கிழமைகளுக்குள், விவாகரத்துப் பத்திரத்திலே அவர் கையெழுத்திட்டார். அந்தப் பிள்ளை 1925இல் இறந்தது. அவர் ஜேர்மனியிலேயே தங்கி, மொழி படித்து, பாலர் கல்வி ஆசிரியைக்கான பயிற்சி பெற்றார். ஷங்ஹாய்க்குத் திரும்பிப் பெண்கள் சேமிப்பு வங்கியொன்றை நிர்வகித்தார், ஓர் உடை நிறுவனத்தையும் நடத்தினார். 1931இல் சூ சிமோ விமான விபத்தில் இறந்தார். அதற்குப் பின்னும் அவருடைய தந்தையைக் கவனித்துக்கொண்டவர் யூயியே. 1988இல் நியூயோர்க்கில் காலமானார். அவருடைய சகோதரனின் பேத்தி முறையான பாங்-மெய் நடாஷா சாங், அவர் சொல்லக் கேட்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 1996இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. விவாகரத்து நடந்திராவிட்டால் தன்னைத் தான் கண்டுபிடித்திருக்கமாட்டேன், அதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்ற கருத்தை அந்த நூலிலே யூயி தெரிவிக்கிறார். கசப்பில்லாமற் சொல்கிறார். ஆனால் அந்த நன்றிக்கு அவர் கொடுத்த விலையை நாம் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

நேயர்களே, இந்த மூன்று பெண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பெண்ணின் உடம்புக்கு ஓர் அளவுகோல் வைக்கிறார்கள். அந்த அளவுகோல் கொடியது என்று பிறகு கண்டுகொள்கிறார்கள், அதை மாற்றுகிறார்கள், மாற்றியதற்காகப் பெருமையும் கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பழைய அளவுக்குத் தன்னை வெட்டிக்கொண்ட பெண் புதிய அளவுக்கு முன்னாலே வந்து நிற்கும்போது, அவளை மீண்டும் குற்றவாளியாக்குகிறார்கள். முதலில் அவள் காலை முறித்தது ஒரு குற்றம். பிறகு முறிந்த காலுக்காக அவளை இகழ்ந்தது அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு குற்றம். அளவு மாறியது, அளவுகோலைப் பிடித்திருந்த கை மாறவில்லை. சியூ சின் அந்தக் கையிலிருந்து அளவுகோலைப் பிடுங்கினார், அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார். எல்லாப் பெண்களும் உயிரைக் கொடுத்துத்தான் தங்கள் காலைத் தங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டுமென்று கேட்பது நியாயமாகாது.

1997இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு பெய்ஜிங் நகரத்து முதிய பெண்களைப் பற்றியது. எண்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் நூற்றுக்கு 38 பேருக்குக் கட்டியதாற் சிதைந்த பாதங்கள் இருந்தன. அவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி விழுந்தார்கள், கதிரையிலிருந்து கைகொடாமல் எழும்பச் சிரமப்பட்டார்கள். ஆணைகள் பிறந்து, சங்கங்கள் கலைந்து, பேரரசும் குடியரசும் போனபின்னரும், அந்தப் பெண்கள் அதே கால்களோடு தண்ணீர் அள்ளினார்கள், பிள்ளை தூக்கினார்கள், பேரப்பிள்ளைகளையும் வளர்த்தார்கள். வடகிழக்குச் சீனத்தின் ஹார்பின் நகரில் அவர்களுக்கென்று சிறு சப்பாத்துகள் செய்துவந்த தொழிற்சாலை, 1999இல் அந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. வாங்குவதற்கு ஆளில்லாமற் போய்விட்டது.

இன்று அந்தச் சப்பாத்துகள் அரும்பொருட்சாலைகளிலே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் அவற்றின் சிறுமையைக் கண்டு வியக்கிறார்கள், பட்டு நூல் வேலைப்பாட்டைப் புகழ்கிறார்கள், அக்காலத்து அறியாமையை நினைத்துத் தலையசைத்துவிட்டு அப்பாற் போகிறார்கள். அந்தப் பூவேலைகளைச் செய்தவர்களும் பெரும்பாலும் அதே பெண்கள்தான், நடக்கமுடியாத காலை மடித்து உட்கார்ந்துகொண்டு. பஞ்சடைத்த அந்தப் பெரிய சப்பாத்து எந்த அரும்பொருட்சாலையிலாவது இருக்குமென்று நான் நினைக்கவில்லை. இருந்தால், இந்த வரலாறு முழுவதற்கும் சாட்சியாக அந்த ஒன்றே போதும்.